விதைத் தேர்வும் செயலித் தேர்வும்

(வடசென்னையை அடுத்த ஒன்றியத்தில் ஊராட்சிப் பெரியோரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச வருகிறார் என்றால் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு விஷயம். நம் வீட்டிலுள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் கைபேசி இருக்கிறதே, அதில் அக்குழந்தை எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது, யாருடன் சேர்ந்து பார்க்கிறது என்பதே அது. இதுவும் கிராம அபிவிருத்தியைச் சேர்ந்ததுதானா என்று சிலர் கேட்கலாம். 1952-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டே, நல்ல விதை, நல்ல கிணறு ஆகியவற்றோடு தாய் சேய் நலமும் இப்பணியின் பகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே இது நம் வேலையே ஆகும்.

நம் பகுதியின் நிலைமை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக வடக்கு நோக்கி வந்தால், மாநகராட்சி எல்லை முடியுமிடத்தில் நம் கிராமங்கள் தொடங்குகின்றன. அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி முதலிய ஊர்களில் ஒரு பக்கம் நெல் வயலும், மறு பக்கம் அனல் மின் நிலையமும் துறைமுகமும் இருக்கின்றன. 2001-ம் ஆண்டு எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. முன்பெல்லாம் தெருவிலே விளையாடிய குழந்தையை இப்போது தாய் வாசற்படி தாண்ட விடுவதில்லை. அவள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

வீட்டிலே இருப்பவர் யார்? தந்தை ஒப்பந்தத் தொழிலாளியாக முறை வேலைக்குச் செல்கிறார். அல்லது கடலுக்குப் போகிறார். மீன் வியாபாரம் செய்யும் தாய், பொழுது விடியுமுன் காசிமேட்டு ஏலத்திற்குப் புறப்படுகிறாள். வயல் வேலைக்குச் செல்லும் தாயும் அப்படியே. எஞ்சியிருப்பவர் பாட்டி. அவருக்கு மூட்டு வலி; குழந்தைக்கோ ஓடாத கால் இல்லை. அப்போது கைபேசி கைக்கு வருகிறது. குழந்தை அசையாமல் உட்கார்ந்து விடுகிறது. சோறும் உள்ளே போகிறது. இதைக் கண்டு பாட்டியைக் குறை கூறுவோர் உண்டு. நாம் அவ்விதம் கூறமாட்டோம். வேறு வழியை நாம் காட்டாதவரை அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

நாம் கண்ட ஒரு குடும்பம்

முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர் ஒரு குழந்தையைப் பற்றி நம்மிடம் கூறினார். வயது மூன்று. ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணும்; அயல்நாட்டு விலங்குகளின் பெயர்களைச் சொல்லும். ஆனால் தாகமெடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாது. பாட்டியின் முந்தானையை இழுத்துப் பானையைக் காட்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதும் அரிதாக இருந்தது.

முதலில் செய்ய வேண்டியது என்ன? கைபேசிதான் காரணம் என்று உடனே முடிவு கட்டுதல் தவறு. பேச்சு தாமதமாக வருவதற்குக் காது கேளாமை முதலிய வேறு காரணங்களும் இருக்கக்கூடும். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்னும் திட்டத்தின் மருத்துவக் குழு வருகிறது. மேற்கொண்டு பரிசோதிக்க மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. அக்குழந்தையையும் அவ்வாறே அனுப்பினோம். காதில் குறை இல்லை. வீட்டிலே அதனுடன் பேசுவோர் போதாது என்பதே மருத்துவர் சொன்னது. விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி அது கைபேசியின் முன் இருந்தது. கைபேசி ஓயாமல் பேசிற்று. ஆனால் குழந்தை சொன்னதைக் கேட்டு அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

குழந்தை பேச்சைக் கற்பது காதால் மட்டும் அன்று. அது ஒரு சத்தம் எழுப்புகிறது. தாய் முகம் மலர்ந்து அதற்கு மறுமொழி கூறுகிறாள். குழந்தை மீண்டும் முயல்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலிலேதான் மொழி வளர்கிறது. எவ்வளவு நல்ல செயலியாயினும், பக்கத்தில் ஒரு மனிதர் இல்லாவிட்டால் அதன் பயனில் பெரும்பகுதி வீணாகிவிடும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே. குழந்தைக்கென்று செயலியைத் தேடாதீர்கள். குழந்தையும் நீங்களும் சேர்ந்து அனுபவிக்கத்தக்க செயலியைத் தேடுங்கள்.

எவ்வளவு நேரம்?

இதற்கு மருத்துவ உலகம் தெளிவான விடை கூறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டுவதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக்கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் யோசனையும் ஏறக்குறைய இதுவே. கப்பலிலோ வெளியூரிலோ வேலை செய்யும் தந்தையின் முகத்தை எப்போதாவது வீடியோ அழைப்பில் குழந்தைக்குக் காட்டுவதில் தடை இல்லை என்றும் அக்கழகம் கருதுகிறது. அங்கே மறுபுறம் இருப்பவர் மனிதர். குழந்தை சிரித்தால் அவரும் சிரிப்பார்.

ஒரு மணி நேரம் என்பது உச்ச வரம்பேயன்றி, கட்டாயம் கொடுத்துத் தீர வேண்டிய படி அன்று. உண்ணும் வேளையிலும் உறங்கப் போகுமுன்னும் கைபேசி வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒன்று நினைவிருக்கும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தபோது முதல் ஆண்டிலே எவருக்கும் தீங்கு தெரியவில்லை. பம்பு ஓடிற்று, பயிர் விளைந்தது. கடல் நீர் உட்புகுந்து கிணறு கரித்த பிறகே தெரிந்தது. குழந்தையின் தூக்கமும் கவனமும் அப்படித்தான் குறையும். இன்று தெரியாது.

சோதித்துப் பார்க்கும் முறை

நம் விவசாயி விதை வாங்கும்போது என்ன செய்கிறார்? மூட்டையில் சான்று விதைக்குரிய நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். அதோடு நிற்பதில்லை. உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் பதரை நீக்குகிறார். நூறு விதையை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுகிறார். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதையை அவர் நம்புவதில்லை. ஒரு போகத்து நெல்லுக்கு இவ்வளவு கவனம் என்றால், குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்!

செயலிக்கும் அட்டை உண்டு. செயலிகளை இறக்கும் கடையின் பக்கத்தில், பெயருக்குக் கீழே, விளம்பரங்கள் உள்ளன என்றும், செயலிக்குள் பணம் கொடுத்து வாங்குதல் உண்டு என்றும் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். எந்த வயதினருக்கு உரியது என்பதும் இருக்கும். கூகுள் நிறுவனம் 2020-ம் ஆண்டு முதல், ஆசிரியர்கள் பார்த்து ஒப்பிய குழந்தைச் செயலிகளுக்குத் தனி அடையாளம் இடும் ஏற்பாட்டையும் தொடங்கியது. இந்த அட்டைகளை முதலில் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லலாம். பின்னர் குழந்தை உறங்கும்போது, பெரியவர் ஒருவர் கால் மணி நேரம் அச்செயலியைத் தாமே நடத்திப் பார்க்க வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு.

முதலாவது, மொழி. குழந்தை வீட்டில் கேட்கும் தமிழ் அதில் உண்டா? லகர, ளகர, ழகரங்களைத் திருத்தமாக ஒலிக்கிறதா? தமிழ் என்று பெயர் போட்டுக்கொண்டு, இயந்திரக் குரலில் சொற்களைக் கடித்துத் துப்பும் செயலிகள் பல உண்டு. அவை வேண்டாம்.

இரண்டாவது, விளம்பரம். ஆட்டத்தின் நடுவே வேறொன்று குதித்து வந்து, "இங்கே தொடு" என்கிறதா? மூன்று வயதுக் குழந்தைக்கு விளம்பரம் எது, ஆட்டம் எது என்று பிரித்தறியத் தெரியாது. விளம்பரமுள்ள செயலியைத் தள்ளிவிடுவதே நன்று.

மூன்றாவது, முடிவு. கதைக்கு முடிவுண்டு, பாட்டுக்கும் முடிவுண்டு. ஒன்று முடிந்தவுடன் கேளாமலே அடுத்ததைத் தொடங்கி, குழந்தையை எழவிடாமல் செய்வது நல்ல செயலி ஆகாது. விருந்தினர் போகும் நேரத்தில் போக வேண்டும்.

நான்காவது, வேலை. குழந்தை யோசிக்கிறதா, வரைகிறதா, சொல்கிறதா, அல்லது எங்கே தொட்டாலும் நட்சத்திரம் கொட்டிக் கைதட்டுகிறதா? எதற்கும் கைதட்டல் கிடைத்தால் எதையும் கற்க வேண்டிய அவசியம் இல்லாமற் போய்விடும்.

ஐந்தாவது, அனுமதி. படம் வரையும் செயலிக்கு நம் தொலைபேசி எண்கள் எதற்கு? நாம் இருக்குமிடம் எதற்கு? தேவையற்றதைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்; மறுத்தால் ஓடமாட்டேன் என்றால் நீக்கிவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்றும் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் துணை நிற்கும். ஆயினும் வாசலில் காவல் இருக்க வேண்டியவர் நாமே.

ஆறாவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. அதைப் பார்க்கும்போது நீங்களும் குழந்தையும் பேசிக்கொள்ள இடம் இருக்கிறதா? "அது என்ன? ஏன் அழுகிறது? அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க அது நிற்குமா? நில்லாது ஓடும் செயலியில் உங்களுக்கு இடமில்லை என்று பொருள்.

நம் வீட்டில் நடந்ததையும் ஒளிக்க வேண்டுவதில்லை. வண்ணம் தீட்டும் செயலி ஒன்றை, இலவசம் என்று கண்டு, நம் நான்கு வயது மகளுக்கு இறக்கிக் கொடுத்தோம். சில நாள் இலவசம், பிறகு மாதக் கட்டணம் என்பதைப் படியாமலே நாமே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தோம். மூன்று மாதம் பணம் பிடித்த பின்பே கணக்கைப் பார்த்து விழித்தோம். அரசாங்கக் கோப்புகளை வரிவரியாகப் படிப்பவர் செய்த காரியம் இது! அன்றுமுதல், வாங்குவதற்கு இரகசியக் குறியீடு கேட்கும்படி கைபேசியை அமைத்துவிட்டோம். பணம் அனுப்பும் செயலிகளுக்கும் பூட்டு உண்டு. குழந்தை எதிரில் அந்த இரகசிய எண்ணை அழுத்துவதும் இல்லை.

நம்மிடம் உள்ள நல்லவை

நல்லவை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பிரதம் புக்ஸ் என்னும் இலாப நோக்கற்ற பதிப்பகம் 2015-ம் ஆண்டு ஸ்டோரிவீவர் என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. படங்களோடு கூடிய குழந்தைக் கதைகள் தமிழிலும் பிற மொழிகளிலும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. எளியவை முதல் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் ஒரு பக்கத்திற்கு ஓரிரு வரியே இருக்கும். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் படிக்கலாம்.

2001-ல் தொடங்கப்பெற்ற நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலையருக்கான பாட்டும் கதையும் உண்டு. 2018 முதல் நம் மாநிலப் பாடநூல்களில் க்யூஆர் குறிகள் அச்சிடப்பெற்றன; மூத்த பிள்ளையின் புத்தகத்தில் அக்குறியைக் கைபேசியால் காட்டினால் பாடத்திற்குரிய காட்சி திறக்கும். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு இயக்கத்தில் ரீட் அலாங் என்னும் செயலி பயன்பட்டது. பிள்ளை உரக்கப் படிக்க, அது கேட்டுத் திருத்தியது. சும்மா பார்ப்பதைவிட வாய்விட்டுப் படிப்பதே மேல் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆங்கிலம் வேண்டுவோர்க்கு, 2018-ல் வெளிவந்த கான் அகாடமி கிட்ஸ் என்னும் செயலி இலவசமானது, விளம்பரம் அற்றது.

இவை எதுவும் இறக்காமலே கைபேசியில் இரண்டு நல்ல கருவிகள் இருக்கின்றன. ஒன்று, படம் எடுக்கும் கருவி. மற்றொன்று, குரல் பதியும் கருவி. குழந்தையோடு வரப்பிலே நடந்து, கொக்கையும் நண்டு வளையையும் படமெடுங்கள். மாலையில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதை எங்கே கண்டோம்?" என்று பேசுங்கள். பாட்டி சொல்லும் கதையைப் பதிந்து வையுங்கள். இதற்குச் செலவு இல்லை; விளம்பரமும் இல்லை.

முன்பு சொன்ன குடும்பத்தில் இவ்வழியையே முயன்றோம். சோற்று வேளையில் கைபேசியை நிறுத்தியபோது முதல் வாரம் பெரும் அழுகை. பாட்டி பொறுத்துக்கொண்டார். மாலையில் இருபது நிமிடம் மட்டும் படக்கதை. பாட்டிக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துத் தாமே கதை கட்டினார். கதையில் வந்த மீனுக்கு ஏதோ பெயர் போட்டிருந்தார்கள். அவரோ, "இது மடவை, உன் தாத்தா வலையிலே விழுமே, அது" என்றார். மறுநாள் காலை தாத்தா வலையை உதறியபோது குழந்தை விரல் நீட்டி, "மடவை" என்றது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் கூறவில்லை. இன்னும் அது தன் வயதுப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே பேசுகிறது. பேச்சுப் பயிற்சிக்கும் சென்று வருகிறது. ஆனால் இப்போது தண்ணீரை வாய்விட்டுக் கேட்கிறது.

ஊராட்சி செய்யத்தக்கது

எல்லாவற்றையும் தாயின் தலையிலே கட்டிவிட்டு ஊர் சும்மா இருக்கலாகாது. 1930-ம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பை நடத்தி, பூங்காக்களில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. பின்னர் கிராமங்களிலும் பஞ்சாயத்து வானொலியைச் சுற்றி ஊரே அமர்ந்து கேட்டது; கேட்டதைப் பற்றித் திண்ணையில் விவாதித்தது. கருவி ஒன்று, கேட்போர் பலர். இன்று கருவி ஆளுக்கொன்றாகிவிட்டது. சேர்ந்து அமரும் பழக்கத்தை நாமே மீட்க வேண்டும்.

இதற்கு மூன்று யோசனைகள் கூறுகிறோம். முதலாவதாக, 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் நம் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் கட்டப்பெற்றன. பூட்டிக் கிடக்கும் நூலகத்தைத் திறந்து, வாரம் ஒரு மாலை குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்தலாம். படித்த பிள்ளை ஒருவர் ஒரு கதையை வாசித்தால் போதும். கைபேசியிலிருந்தும் வாசிக்கலாம், புத்தகத்திலிருந்தும் வாசிக்கலாம். இரண்டாவதாக, அங்கன்வாடியில் தாய்மார் கூடும் நாளில், கைபேசியில் விளம்பரத்தையும் பணம் பிடித்தலையும் தடுக்கும் வழியை நேரில் காட்டித் தரலாம். பாட்டிமாரையும் அழைக்க வேண்டும். மூன்றாவதாக, லாரி வராத ஓரிடத்தைச் சிறு குழந்தைகள் விளையாடுவதற்கு ஒதுக்கி வேலி போட வேண்டும். இதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் ஐந்து வயதுக் குழந்தைக்காக ஒரு கேள்வி எழட்டும். விளையாட இடமில்லாத ஊரில் கைபேசியைக் கொடுக்காதே என்று சொல்வது வெறும் உபதேசமாகவே முடியும்.

ஊராட்சிப் பணத்தில் கணினிப் பலகைகள் வாங்கித் தர வேண்டும் என்று சில நண்பர்கள் கூறுகிறார்கள். இப்போதைக்கு அதற்கு அவசரம் இல்லை என்பதே நம் கருத்து. இருக்கிற ஒரு கைபேசியைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகு அதை யோசிப்போம்.

அன்பர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். குழந்தை பார்க்கும் செயலியைத் திறந்து, குழந்தையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கால் மணி நேரம் நீங்களும் பாருங்கள். உங்களால் அதைப் பற்றிக் குழந்தையோடு பேச முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் எதை நீக்கினீர்கள், எதை வைத்தீர்கள் என்று கேட்போம். நம் வீட்டுக் கணக்கையும் அன்று உங்களிடம் சொல்வோம்.